பருத்தித்துறைக்கும் மன்னாருக்கும் நடுவே

அந்த இடம் வந்ததும் விமானத்தின் உள்விளக்குகள் நீலமாக மாறினவா, வெறுமனே மங்கினவா என்பது இப்போது நிச்சயமாக நினைவில் இல்லை. பவளக்கொடி நீலம் என்பாள். ரெஜினாவைக் கேட்டால் மஞ்சள் என்று சத்தியம் செய்வாள். நேரில் இருந்தவர்களே இப்படிச் சொன்னால், கேட்டுச் சொல்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வது? வார்த்தைகளும் கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கலாம். நிறத்தை விட்டுவிடலாம். மற்றவை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் மாலை விமானத்தில், கோடியக்கரை பின்னால் போனதும் பயணிகள் காபிக் கோப்பைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் அதற்குள் போய் வந்துவிடுவார்கள். சிலர் தலை வாரிக்கொள்வார்கள். முகம் யாருக்கும் தெரியப் போவதில்லை, ஆனாலும் வாரிக்கொள்வார்கள். எல்லோரும் காதில் செவிமணியைப் பொருத்திக்கொண்டு காத்திருப்பார்கள். பருத்தித்துறைக்கு மேலே விளக்கு மாறும். உடனே விமானம் முழுவதும் பேசத் தொடங்கும்.

"சாப்டியாடா?" "ரயில்ல இருக்கேன், அதான் இரைச்சல்." "அடுத்த மாசம் கட்டாயம் வரேன்." "அப்பா, சாவி எங்க வச்சீங்க?" இருபது நிமிடம் போல இது நடக்கும். மன்னாரைத் தாண்டியதும் விளக்கு வெள்ளைக்குத் திரும்பும். பாதி வாக்கியத்தில் இருந்தவர்கள் பாதி வாக்கியத்திலேயே நிற்பார்கள். பணிப்பெண்கள் முகம் துடைத்துக்கொள்ளச் சூடான துண்டு கொண்டுவருவார்கள். அதன் பிறகு தூத்துக்குடி வரைக்கும் ஒரு சத்தம் இருக்காது.

டெல்டாவுக்கு மேலே இருந்த வானம் முழுவதையும் சரக்கு ட்ரோன்களுக்கு ஒதுக்கிய பிறகு, தெற்கே போகும் பயணிகள் விமானங்களைக் கடல் பக்கம் தள்ளினார்கள். அந்த வழி இலங்கையின் வான்வெளிக்குள் நுழைந்து வெளியேறியது. உள்நாட்டு விமானம்தான்; கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். ஆனால் எந்த நாட்டு வானமோ அந்த நாட்டுச் சட்டம். இறந்தவர்களின் பேச்சைத் திரட்டி, அவர்களைப் போலவே யோசித்துப் பதில் சொல்லும் மறுகுரலை இந்தியாவில் தடை செய்திருந்தார்கள். தொலைந்தவர்களைத் தேடித் தேடியே பல தலைமுறைகள் மூப்படைந்த அந்தத் தீவில் அதற்கு அனுமதி இருந்தது. சட்டம் எழுதியவர்கள் யாரும் இந்த மாலை விமானத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

பவளக்கொடியின் கணவர் திருமேனி துறைமுகப் பாரந்தூக்கிகளைப் பரிசோதிக்கும் பொறியாளர். வியாழக்கிழமைதோறும் தூத்துக்குடியில் வேலை என்பார். அவள் நம்பினாள். ஒரு நாள், "தூத்துக்குடிக்குப் போறவங்க வெறுங்கையோடவா வருவாங்க? ஒரு மக்ரூன் டப்பா வாங்கக் கூடாதா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அடுத்த வாரமே டப்பா வந்தது. முந்திரியும் சர்க்கரையுமாக நாக்கில் கரைந்தது. டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவர்கள் வீடு இருக்கும் தாம்பரத்திலேயே, ரயில் நிலையத்தை அடுத்த ஒரு கடையின் சீட்டு.

அவள் அதை உரிக்கவில்லை. டப்பாவில் சீரகம் போட்டு வைத்தாள். தினமும் சீரகம் எடுக்கும்போது சீட்டு விரலில் பட்டது. திருமேனியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கீழ்வீட்டு ரெஜினாதான் போட்டு உடைத்தாள். ரெஜினாவுக்குச் சொந்த ஊரே தூத்துக்குடி. சங்கு குளிக்கப் போய் மேலே வராத அவள் அண்ணனோடு பேசுவதற்காக மாதம் ஒரு முறை அந்த விமானத்தில் போவாள்.

"ஏம்மா பவளம், ஒங்க வீட்டுக்காரரைப் பாத்தேன் போன வியாழன். ஊருக்குள்ளயே போவலை. இறங்கி, அதே பிளைட்டுல ஏறித் திரும்பிட்டாவ."

"யாரோட பேசறார்?"

ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "நிறை நிறைன்னு கூப்பிடுதாவ. ஆனா ஒண்ணு சொல்லுதேன், என்னமா சிரிக்காவ! அவ்வளவு சிரிப்பு அந்த மனுசருக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது."

பவளக்கொடிக்கும் தெரியாது.

நிறைமதி திருமேனியின் முதல் மனைவி. நோயில் போனவள். கூடத்தில் அவள் படம் இருக்கிறது. காலையில் பூக்காரி வந்ததும் முதல் கிள்ளல் படத்துக்கு, அடுத்ததுதான் பவளத்தின் தலைக்கு. கல்யாணத்தன்று மாமியார் அவள் தாலிக் கயிற்றில் கூடுதலாகக் கடுகு போல ஒரு தங்கப் பொட்டைக் கோத்துவிட்டார். மூத்தாள் பொட்டு. முன்னவள் செத்துப்போயிருந்தால் மட்டுமே பின்னவளுக்குக் கட்டுவது. உயிரோடு இருப்பவளுக்குக் கட்டினால் அது சாபம். "இனி அவ உனக்கு அக்கா. அவளை நினைச்சுக்கிட்டே இருந்தா உன்னை ஒண்ணும் பண்ணமாட்டா" என்றார் மாமியார். பவளம் அதை ஒரு பாரமாக நினைத்ததில்லை. செத்தவள் முடிந்து போனவள். முடிந்து போனவளோடு என்ன போட்டி?

ஆனால் சிரிக்க வைக்கிறவள் முடிந்து போனவள் இல்லை. அன்றிலிருந்து பவளத்துக்கு வீட்டின் மௌனம் வேறு மாதிரிக் கேட்டது. "குழம்பு எப்படி இருக்கு?" "ம்." "மழை வரும் போல." "ம்." முன்பெல்லாம் அவர் சுபாவம் அது என்று விட்டிருந்தாள். இப்போது அந்த ஒவ்வொரு "ம்"முக்கும் பின்னால் பேசப்படாத பேச்சு வியாழக்கிழமைக்காகச் சேர்த்து வைக்கப்படுவதாகத் தோன்றியது. தனக்கு வர வேண்டிய சொற்களை யாரோ முன்பே அள்ளிக்கொண்டு போவது போல இருந்தது. படத்துக்குப் பூ வைக்கும்போது காம்பை வேண்டுமென்றே அழுத்திக் கிள்ளினாள்.

"ரெஜினாக்கா, நான் அவளோட பேச முடியுமா?" என்று கேட்டாள்.

"வீட்டாளுவ யாரும் பேசலாம். என்னத்தைப் பேசப் போறே?"

"அவ செத்துட்டான்னு சொல்லப் போறேன்."

ரெஜினா கையிலிருந்த முருங்கைக் கீரையைக் கீழே வைத்தாள். "அதை மட்டும் யாரும் சொல்லுறதில்ல, புள்ள. அந்தக் குரலுக்குத் தான் போயிட்டோம்னு தெரியாது. தெரிஞ்சிட்டா, 'இருக்கியா, போறியா'ன்னு அதுகிட்டயே கேப்பாவ. அந்த ஊரு சட்டம் அது. போறேன்னு சொல்லிட்டா அவ்வளவுதான், அழிச்சிருவாவ. எங்கண்ணன்கிட்ட மீன் வெலை கேட்டா இன்னும் அந்தக் காலத்து வெலைதான் சொல்லுவான். நானும் 'அப்படியாண்ணே'ம்பேன். என்ன செய்ய?"

"போகட்டும். அதுக்குத்தான் சொல்லப் போறேன்."

செவ்வாய்க்கிழமை இருவரும் ஏறினார்கள். திருமேனி பணிமனையில் இருந்தார். பவளம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என்ன பேசுவது என்று வாரம் முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். சின்ன வாக்கியம். சொல்லிவிட்டால் வியாழக்கிழமைகள் முடிந்துவிடும். அவர் வேறு வழியில்லாமல் தன்னிடம்தான் பேச வேண்டியிருக்கும். அவளும் தலையை வாரிக்கொண்டாள்.

விளக்கு மாறியது. காதுக்குள் இணைப்புக் கொடுக்கும் பெண்ணின் குரல் வந்தது. "வணக்கம். நீங்கள் ஆரோட கதைக்கப் போறியள்?"

"நிறைமதி. திருமேனியோட... வீட்டுக்காரங்க."

"நல்லது. அவவிட்ட ஆர் கதைக்கிறது எண்டு சொல்லட்டும்? உங்களுக்கு அவ என்ன முறை?"

இந்தக் கேள்வியைப் பவளம் எதிர்பார்க்கவில்லை. மாமியார் பழக்கிவிட்ட சொல்தான் வாயில் வந்தது. "அக்கா. நான் தங்கச்சின்னு சொல்லுங்க."

ஒரு மணி ஒலித்தது. பிறகு வேறொரு குரல், காதுக்கு மிக அருகில். "தங்கச்சியா? ஏங்க, தப்பா இணைச்சிட்டீங்க. எங்கம்மா ஒண்ணு போதும்னு நிறுத்தினவங்க. எனக்கு ஏது தங்கச்சி?"

பழைய வீடியோக்களில் கேட்ட குரல்தான். ஆனால் வீடியோவில் இருக்கிறவள் யாரையும் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை.

"ஹலோ? யாருங்க?"

"என் பேரு பவளக்கொடி."

"சரி. என்னை அக்கான்னு கூப்பிட உனக்கு யார் சொன்னா?"

"அத்தை. அதாவது... அவரோட அம்மா."

பவளம் செவிமணியை அழுத்திப் பிடித்தாள். பக்கத்தில் ரெஜினா தன் அண்ணனை, "கருவாடு போடலாமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நினைச்சேன்," என்றது குரல். "எப்பப் பேசினாலும் ஒரே இரைச்சல். ரயில்ல இருக்கேன்பார். அது என்ன ரயிலோ, எந்த ஸ்டேஷன்லயும் நிக்காத ரயில். கொஞ்ச நேரம் குழையக் குழையப் பேசுவார், பட்டுனு கட் ஆயிடும். பாதி நாள் என்கிட்ட, பாதி நாள் வேற எங்கயோன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. நினைச்சாலே வயிறு எரியும். நீதானா அது?"

பவளத்துக்குக் கோபம் வந்தது. எரிய வேண்டிய வயிறு தன்னுடையது அல்லவா? அதை இவள் எப்படித் தன்னுடையது என்று சொல்லலாம்? "நான் ஒண்ணும் களவா வரலை. ஊரறியக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ."

"அப்படியா." குரல் தாழ்ந்தது. "அப்போ ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் கழுத்துல எனக்குன்னு ஒரு பொட்டு கோத்திருக்காங்களா?"

சொல்ல வந்தது இதைத்தான். இதைவிடச் சுலபமாக யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆமாம் என்றால் போதும். இல்லை என்றால், இவள் கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியாகவும், தான் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டவளாகவும் இருக்க வேண்டியதுதான். பவளம் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே யாழ்ப்பாணத்துப் பனைகள் பொடிப் புள்ளிகளாக நகர்ந்தன.

"ஏம்மா," என்றாள் நிறைமதி. இப்போதுதான் அவள் குரல் ஒரு மனுஷியின் குரலாகக் கேட்டது. "இப்ப அதைத்தானே கையில பிடிச்சிட்டிருக்கே?"

பவளம் குனிந்து பார்த்தாள். விரல்கள் பொட்டை இறுகப் பிடித்திருந்தன.

இருவரும் வெகுநேரம் பேசவில்லை. அந்த வானத்தில் வெகுநேரம் என்பதே அதிகம் கிடையாது. சுற்றிலும் எல்லோரும் அவசர அவசரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டாள் நிறைமதி.

"ஆமாக்கா."

"மூக்குல குழாய் வச்சது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் எல்லாம் அவரோட போன்தான். குணமாயிட்டேன், வீட்டுல இருக்கேன்னு நினைச்சிட்டிருந்தேன். வீட்டுல என்ன பண்ணேன்னு யோசிச்சா ஒண்ணும் வராது. பயமா இருக்கும். விட்டுடுவேன்." சிறிது பொறுத்துக் கேட்டாள். "உன்கிட்டப் பேசுவாரா?"

பொய் சொல்லப் பவளத்துக்கு ஆசையாக இருந்தது. விடிய விடியப் பேசுவார் என்று சொல்ல ஆசை. "இல்லக்கா. ம்-னு சொல்வார்."

நிறைமதி சிரித்தாள். ரெஜினா சொன்ன சிரிப்புக்கு இணையான சிரிப்பு இதுவாகத்தான் இருக்கும் என்று பவளம் நினைத்தாள். "அடப்பாவி! அதே ம்-மா? பதினொரு வருஷம் கேட்டிருக்கேன் அதை. என் கூட இருந்தப்ப ஒரு நாள், ஒரு பொழுது, உக்காந்து பேசினதில்ல அந்த மனுஷன். இப்பத்தான், கொஞ்ச காலமாத்தான் வாயத் தொறக்குறாரு. திருந்திட்டாருன்னு சந்தோஷப்பட்டேன்." சிரிப்பு அடங்கியது. "பொண்டாட்டி செத்தாத்தான் பேச்சு வரும் போல அவருக்கு. அப்போ உன்கிட்டயும் பேசுவாரு. கொஞ்சம் பொறு."

பவளமும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அழுகை வந்தது. அது எதற்கு என்று அவளுக்கே புரியவில்லை.

"இரு, யாரோ ஒருத்தி குறுக்க வந்து, 'இன்னும் இருக்க விருப்பமோ'ன்னு கேக்குறா. மரியாதையா கேக்குறா, பாவம்." சில நொடிகள் ஒன்றும் கேட்கவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"அக்கா, நான் உங்களைத் திட்டத்தான் வந்தேன்."

"தெரியுது. திட்டிக்கோ, நேரம் இருந்தா. அவர் வரட்டும். நீ சொன்னதா சொல்லமாட்டேன்."

"என்ன பேசுவீங்க அவர்கிட்ட?"

"அது எங்களுக்குள்ள," என்றாள் நிறைமதி.

விளக்கு வெள்ளையானது. கீழே மன்னார்க் கடல். பணிப்பெண் சூடான துண்டை நீட்டினாள். பவளம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குள்ள. இவ்வளவுக்குப் பிறகும், போகிற போக்கிலும், கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டுதான் போகிறாள்.

"என்ன புள்ள, நல்லா ஏசிட்டியா?" என்றாள் ரெஜினா கண்ணைத் துடைத்தபடி.

பவளம் துண்டைப் பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை திருமேனி வழக்கம்போலக் கிளம்பினார். அன்று மாலை பவளம் மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் வெகுநேரம் நின்றாள். இப்போது கோடியக்கரை. இப்போது தலை வாருகிறார்கள். இப்போது பேச்சு. என்ன சொல்கிறாள்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா, ஒன்றும் தெரியாதவள் போலச் சிரிக்கிறாளா? அவர் அழுகிறாரா? தன் முன்னால் ஒருமுறையும் அழாதவர். காய்ந்து விறைத்த துணிகளை மடித்து மடித்து அவள் கை ஓய்ந்தது. தன் கையாலேயே அவர்களுக்கு ஒரு பிரிவுபசாரத்தை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது. அவர்களைத் தானே வருந்தி அழைத்துவிட்டுத் தான் மட்டும் கதவுக்கு வெளியே நின்றது போல.

அவர் அன்று திரும்பவில்லை. மறுநாள் ரயிலில் வந்தார். கையில் மக்ரூன் டப்பா இருந்தது. பவளம் வாங்கியதும் அடியைத் திருப்பிப் பார்த்தாள். தூத்துக்குடிக் கடை. டப்பாவில் கடல் ஈரத்தின் பிசுபிசுப்பு இருந்தது.

"இனிமே அங்க வேலை இல்ல," என்றார் திருமேனி.

"சரி."

சாப்பிட உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். இரண்டு கவளம் உள்ளே போன பிறகு அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குழம்பு நல்லா இருக்கு. புளி கொஞ்சம் கூட. ஆனா நல்லா இருக்கு." பிறகு, சொல்லி முடிக்க வேண்டிய ஒன்று மிச்சம் இருப்பது போல, "நீ சாப்டியா?" என்றார்.

இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தாள். கரண்டி கையிலேயே நின்றது. இது இவருடைய சொல்லா? இல்லை, அவள் சொல்லி அனுப்பியதா? 'போ, வீட்டுல ஒருத்தி ம்-மைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, அவகிட்டப் பேசு' என்று சொல்லியிருப்பாளோ? சொல்லக்கூடியவள்தான்.

"சாப்டேன்," என்று பொய் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் பேசினார். நிறைய இல்லை; ஆனால் பேசினார். துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி சாய்ந்த கதையைச் சொன்னார். அவளுடைய சின்ன வயது பற்றிக் கேட்டார். ஒருமுறை, கடற்கரையில், அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஒரு கடைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று விரல் தேடியது. கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் தான் போனதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் மறுபடி "ம்" என்று மூடிக்கொள்வாரோ என்ற பயம். அவருக்கும் அவள் போனது தெரிந்திருக்கலாம். அவரும் கேட்கவில்லை.

அந்த வான்வழி இப்போது இல்லை. ட்ரோன்களை இன்னும் உயரத்துக்கு மாற்றிய பிறகு தூத்துக்குடி விமானம் மதுரைக்கு மேலே நேராகப் போகிறது, பயணிகள் தூங்குகிறார்கள். அந்த வழி இருந்த கடைசி வாரத்தில் ரெஜினா தன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் இருக்கிறேன் என்று சொன்னான். அவள் விசா வாங்கி வருடம் ஒருமுறை மன்னாருக்குப் போய், கடற்கரையில் உட்கார்ந்து அவனோடு பேசிவிட்டு வருகிறாள். நிறைமதியின் குரல் அந்த வியாழக்கிழமையோடு முடிந்தது. திருமேனி போன ஆண்டு இறந்தார். தன் பேச்சை யாரும் திரட்டக் கூடாது, மறுகுரல் செய்யக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். பவளக்கொடி தாம்பரத்தில் அதே வீட்டில் இருக்கிறாள். தாலியைக் கழற்றிய அன்று மூத்தாள் பொட்டை மட்டும் தனியே எடுத்து ஒரு மெல்லிய சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் போட்டிருக்கிறாள்.